கழுவின கோழியும் பூசின குண்டாவும்

என்ன வேலை பார்த்தீக என்று யாராவது கேட்டால், இறாலுக்குத் தலை குளிப்பாட்டினேன் என்பேன். சிரிப்பார்கள். பொய்யில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே போய் நில் என்றார். நின்றேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அப்படியே நின்றபடி வளர்ந்துவிட்டேன். வயல் வேலைக்கு முதுகு வளையாது, கடை வேலைக்குக் கணக்கு வராது. ஆத்தா என்னைக் காட்டி, "இவன் ஒருத்தனப் பெத்ததுக்கு ரெண்டு எருமையா வாங்கியிருக்கலாம்" என்பாள். நான் உடனே எருமை மாதிரிக் கத்திக் காட்டுவேன். அவளுக்குக் கோபம் போய்விடும். என் பிழைப்பே அதுதான். யாருக்குக் கோபம் வந்தாலும் சிரிக்க வைத்து ஓடிவிடுவது.

அப்போது தொண்டிப் பக்கம் இறாலை உரித்து ஐஸில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். சதை கப்பலில் போய்விடும். தலை, ஓடு, கணவாய்க் குடல், நண்டுக் குடல் எல்லாம் கரையில் குவிந்து நாறும். கோழித்தீவனம் விற்கும் முதலாளி ஒருவருக்கு அந்தக் குவியலைப் பார்த்ததும் ஆசை வந்தது. காயவைத்து அரைத்துப் போட்டால் கோழி வஞ்சகமில்லாமல் முட்டை போடுமாம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மேடத்தை வேலைக்கு வைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ரசாயனம் படித்தவர். எங்கள் ஊர்ச் செக்காலை ரோட்டுக்குப் பின்னால், மலேயாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பூட்டிக் கிடந்த வீட்டில், வண்டிக் கொட்டகையை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். மேடத்துக்கு எடுபிடியாக நான் சேர்ந்தேன்.

முதல் நாளே மேடம் எனக்கு விளக்கினார்.

"கடல்ல கொஞ்சங்கொஞ்சமா உலோகம் கரைஞ்சு கிடக்கு. நண்டும் கணவாயும் அதைக் குடல்ல சேத்து வைக்கும். இதைத் தின்னா கோழிக்குள்ள போகும். கோழியைத் தின்னா மனுஷனுக்குள்ள போகும். அங்க போனா வெளிய வராது. ஈரல்லயும் சிறுநீரகத்துலயும் போய் உக்காந்துக்கும்."

"எங்க மாமா வந்தா எங்க வீட்டுல உக்காந்துக்குற மாதிரியா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "ஆமா. அதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சிரிக்காத மனிதரிடம் எனக்குப் பயம் உண்டு. ஓட வழி இருக்காது.

அந்த உலோகத்தைப் பிரிப்பதுதான் வேலை. அந்த வீட்டு ஆச்சி ஒரு காலத்தில் ஊறுகாய் போட்ட ஆள் உயரப் பீங்கான் ஜாடிகள் கொட்டகையில் இருந்தன. அரைத்த தலையையும் குடலையும் அதில் கொட்டி, நிறையத் தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் கலந்து ஊற்றி, மரத் துடுப்பால் கிண்ட வேண்டும். உலோகம் கரைந்து தண்ணீருக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்து, இரண்டு தகடுகள் தொங்கும் தொட்டிக்குள் விட்டு மேடம் கரண்டு கொடுப்பார். ஒரு தகட்டில் சாம்பல் நிறத்தில் அழுக்குப் போல ஏதோ படியும். அதைச் சுரண்டி மூடி போட்ட ஜாடியில் வைப்போம். பீங்கான் ஜாடியில் மிஞ்சிய சக்கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து அரைத்தால் தீவனம். எனக்கு வாய்த்தது துடுப்பு. மாலையில் நான் டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. உட்கார்ந்தே வருவேன்.

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கூண்டுகளில் வெள்ளை லெகான் கோழிகள் நின்றன. இடது கூண்டுக்குக் கழுவாத தீவனம், வலது கூண்டுக்குக் கழுவின தீவனம். சில மாதம் கழித்து இரண்டு கூண்டிலும் அறுத்து, ஈரலில் எவ்வளவு உலோகம் ஏறியிருக்கிறது என்று மேடம் பார்ப்பார். தீவனம் வைப்பது என் பொறுப்பு.

இங்கேதான் நான் முதல் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். இடது கூண்டில் ஒரு கோழிக்கு வலது காலின் நடுவிரல் கோணலாக உள்பக்கம் வளைந்திருக்கும். மற்றவை அதைக் கொத்திக்கொண்டே இருந்தன. ஒதுங்கி நின்று கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்க்கும். நானும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி நின்றவன் அல்லவா. ஒருநாள் அதைத் தூக்கி வலது கூண்டில் விட்டேன். எண்ணிக்கை குறையக் கூடாது என்று வலதிலிருந்து ஒன்றை இடதுக்கு மாற்றினேன். எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே அச்சு. மேடத்துக்குத் தெரியவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி வந்தாள்.

அவளைச் சிங்கம்புணரியில் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் எங்கள் வீட்டில் இருக்கும்போதே கலைந்துபோனது. மசக்கையில் துவண்டு கிடக்கிறாளே என்று ஆத்தா அழைத்து வந்து, நன்றாகத் தின்ன வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது. இப்போது மறுபடியும் உண்டாகி, ஐந்தாம் மாதம் நடந்தது. அவள் மாமியாரே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மாள் எங்கும் சொல்லிவிட்டு வருகிற ரகம் இல்லை.

சம்பந்தி வீட்டார் வந்தால் கோழி அடித்துக் குழம்பு வைக்காமல் அனுப்ப முடியுமா? எங்கள் வீட்டில் கோழி இல்லை. சந்தை முடிந்துபோயிருந்தது. ஆத்தா என்னைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், மானத்த வாங்கிடாத. அங்குட்டு எங்கயாவது போயி ஒரு கோழி பிடிச்சுக்கிட்டு வா."

நான் எங்குட்டுப் போவேன்? சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மேடம் தீவன முதலாளியைப் பார்க்க மதுரைக்குப் போயிருந்தார். நாளைக்கு ஒரு லெகானை வாங்கி விட்டுவிடலாம், கோழிக்குக் கோழி சரியாகப் போச்சு என்று நினைத்தேன். அதிலும் என் அறிவைப் பாருங்கள். இடது கூண்டின் பக்கமே போகவில்லை. வலது கூண்டில், சுணங்காமல் கைக்கு வந்த கோழியைப் பிடித்தேன். கழுவின கோழி. ஊரிலேயே சுத்தமான கோழி. என் தங்கச்சிக்கு நானே மாதக்கணக்கில் கழுவிக் கழுவி வளர்த்த கோழி. வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஆத்தா பெரிய பித்தளைக் குண்டாவில் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். தெரு முனை வரைக்கும் வாசம் போனது. இலை போட்டு உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் ஈரல். கேட்க வேண்டியதே இல்லை. ஆத்தா அதை முழுசாக எடுத்துத் தங்கச்சி இலையில் வைத்தாள்.

மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லாக் குடுங்க. போன தடவையும் நல்லாத்தேன் குடுத்தீக. தங்கத்தான் இல்ல. எங்க குடும்பத்துல எந்தப் பொம்பளைக்கும் இப்படிக் கலஞ்சதில்லப்பா. வாங்கிட்டு வந்த வரம் அப்படி."

தங்கச்சி தலையைத் தூக்கவில்லை. ஈரலைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள். நான் ஏதாவது கோமாளித்தனம் பண்ணிப் பேச்சை மாற்றலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஆத்தா எனக்குப் பிடித்த துண்டை என் இலையில் போட்டாள். எனக்குக் கோழிக்கால் என்றால் உயிர். சூப்பி சூப்பித் தின்பேன்.

இலையில் கிடந்த காலின் நடுவிரல் கோணலாக உள்பக்கம் வளைந்திருந்தது.

நான் அதையே பார்த்தேன். பிறகு தங்கச்சி இலையைப் பார்த்தேன். ஈரல் இருந்த இடத்தில் மசாலா மட்டும் இருந்தது.

அந்தக் கோழி கழுவாத தீவனத்தில்தான் பாதி ஆயுசுக்கு மேல் கழித்திருந்தது. வலது கூண்டுக்கு அது விருந்தாளி. அதை அங்கே கொண்டு விட்டவனும் நான்தான், அங்கேயிருந்து பிடித்து வந்தவனும் நான்தான். உள்ளே போனால் ஈரலில் உட்கார்ந்துக்கும், வெளியே வராது என்று மேடம் சொன்னபோது மாமா கதை சொல்லிச் சிரித்தவனும் நான்தான்.

"ஏன்டா திங்காம வேடிக்க பாக்குற?" என்றாள் ஆத்தா.

"வயிறு சரியில்ல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோழிக்காலை இலையில் வைத்து மூடினேன்.

மாமியார் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். தங்கச்சி ஊஞ்சலில் சாய்ந்திருந்தாள். நான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"தல சுத்துதா?"

"இல்ல."

"வயித்தப் பெரட்டுதா?"

"மாசமா இருக்கேன் அண்ணே. தெனம் பெரட்டுது."

"இன்னைக்கு வேற மாதிரிப் பெரட்டுதா?"

"நீ இப்படியே எதுக்க நின்னீன்னா பெரட்டும். தள்ளிப் போ."

மறுநாள் காலையில் மிச்சக் குழம்பு, இரைப்பை, எலும்பு எல்லாவற்றையும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மதுரையிலிருந்து வந்திறங்கிய மேடத்தின் முன்னால் வாளியை வைத்தேன். அவர் திறந்து மோந்து பார்த்து, "எனக்கா? நான் சாப்பிட்டாச்சே" என்றார்.

"சாப்பிட இல்ல மேடம். சோதிக்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கோணல் விரல், கூண்டு மாற்றியது, சம்பந்தி, ஈரல். சொல்லும்போது ஒரு வேடிக்கைகூட வாயில் வரவில்லை. மேடம் எழுந்து போய் இரண்டு கூண்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்கான வேலை அது. எந்தக் கோழி எங்கே நின்றது என்று இனி எப்படி நம்புவது? அவர் முதுகைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. திரும்பி வந்து, "உன் தங்கச்சிக்கு எத்தனாவது மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு மேடம். ஏற்கெனவே ஒண்ணு போச்சு."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவரிடம் ஒரு கருவி இருந்தது. கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். பக்கத்தில் ஓடும் காகிதத்தில் ஒரு ஊசி கோடு போட்டுக்கொண்டே போகும். உலோகம் இருந்தால் கோடு மேடேறும். ஒவ்வோர் உலோகத்துக்கும் மேடேறும் இடம் வேறு. எரித்துச் சாம்பலாக்கி, ஆசிட்டில் கரைத்து, வடித்து, குழம்பு கருவிக்குள் போவதற்கே மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு எதையும் கிண்டாமல் நின்றேன்.

மேடம் காகிதத்தை விரித்தார். "இங்க பாரு. நீ பயந்த உலோகம் இது." கரையான் புற்று மாதிரி ஒரு சின்ன மேடு. "ஈரல்ல இதைவிடக் கூட இருந்திருக்கும். ஆனா ஒரு நாள் ஒரு ஈரல் தின்னா ஒண்ணும் ஆகாது. இது வருஷக்கணக்காச் சேந்தாத்தான் கெடுதல்."

எனக்கு மூச்சு வந்தது. குல தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதை எப்படிக் குறைக்கலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் காகிதத்தை மடிக்கவில்லை. விரல் இன்னோர் இடத்துக்கு நகர்ந்தது. அங்கே பிரான்மலை மாதிரி ஒன்று நின்றது.

"இது காரீயம். இது கோழியிலருந்து இவ்வளவு வராது. எந்தப் பாத்திரத்துல சமைச்சீங்க?"

"பித்தளைக் குண்டா மேடம். உள்ள ஈயம் பூசினது."

"வெள்ளீயந்தானே பூசணும். காரீயத்தைக் கலந்து பூசியிருக்கான். அதுல புளியை ஊத்திக் கொதிக்க வச்சா, நம்ம ஜாடியில ஆசிட் ஊத்தின மாதிரிதான். எல்லாம் இறங்கி வந்துரும். எங்க பூசினீங்க?"

துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் ஈயம் பூச என்னிடம்தான் கொடுத்து அனுப்பினாள் ஆத்தா. வழக்கமாகப் பூசும் பாய் கடைக்கு எடுத்துப் போகச் சொன்னாள். அவர் கூலி அதிகம் கேட்பார், ஆனால் நல்ல ஈயம். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் அன்றைக்கு வந்து மறுநாள் போகிற ஒருத்தனிடம் பாதிக் கூலிக்குக் கொடுத்தேன். மிச்சத்துக்குச் சினிமா, புரோட்டா, மறுபடியும் சினிமா. பாத்திரம் பளபளவென்று இருந்தது. "பரவாயில்லயே, ஒரு வேலையாவது ஒழுங்காச் செஞ்சியே" என்று ஆத்தா மெச்சிக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் குழம்பெல்லாம் அந்தக் குண்டாவில்தான்.

"மேடம்" என்றேன். "மொதப் பிள்ள உண்டானப்ப அவ எங்க வீட்டுலதான் இருந்தா. தெனம் அதுல வச்சதத்தான் தின்னா."

மேடம் காகிதத்தை மடித்தார். "காரீயம் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அது உண்மை. ஆனா அதுனாலதான் அந்தப் பிள்ளை கலைஞ்சுதுன்னு சொல்ல எங்கிட்ட எந்தக் கருவியும் இல்ல. நூறு காரணத்தால கலையும். நீயா முடிச்சுப் போடாதே."

போடாதே என்றால் போடாமல் இருக்க முடியுமா?

வீட்டுக்குப் போனேன். அடுப்பில் குண்டா கொதித்துக்கொண்டிருந்தது. துணியைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய்க் கொல்லையில் குப்பைக் குழிக்குள் கொட்டினேன்.

"பேய் பிடிச்சிருச்சா இவனுக்கு" என்றாள் ஆத்தா. "கத்திரிக்காக் கொழம்புடா அது. அதுல என்ன கோழியா கெடக்கு?"

ஆத்தாவையும் தங்கச்சியையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஈரலைப் பற்றிச் சொன்னபோது தங்கச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதனால் ஒன்றுமில்லை என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். பிறகு குண்டா. பிறகு பஸ் ஸ்டாண்டு ஆள். ஆத்தா கையில் கிடைத்த அகப்பையால் என்னை அடித்தாள். எருமை மாதிரிக் கத்திக் காட்ட வேண்டிய இடம். கத்தவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் பயந்துபோனாள். அடிப்பதை நிறுத்திவிட்டு அழுதாள்.

தங்கச்சி அழவில்லை. "அப்ப என் வரம் இல்லயா அது?" என்று கேட்டாள்.

"மேடம் உறுதியாச் சொல்லல. இருக்கலாம், இல்லாமயும் போகலாம்னுதான் சொன்னாக."

"அண்ணே, எனக்கு அந்த வீட்டுல என்ன பேருன்னு தெரியுமா ஒனக்கு? ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டாக. புதுப் பொண்ணுக்குப் பூ வைக்க என் கையிலருந்து பூவ வாங்க மாட்டாக. நான் தண்ணி எடுத்தா மாமியா அதச் செடிக்கு ஊத்திரும்." எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "நீ சிங்கம்புணரிக்குப் போயிச் சொல்லு. ஒங்க மேடம் மாதிரிச் சொல்லாத. இருக்கலாம், போகலாம்னு இழுக்காத. ஒன்னாலதான்னு சொல்லு."

என்னிடம் யாரும் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. போனேன். அந்த வீட்டு முற்றத்தில் நின்று, அவள் மாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். குண்டாவுக்குக் கெட்ட ஈயம் பூசியது நான், அந்தக் காசில் சினிமா பார்த்தது நான், பிள்ளை போனது என்னால், தங்கச்சி மேல் ஒன்றுமில்லை என்று. நடுவில் ஒரு இடத்தில்கூட 'இருக்கலாம்' போடவில்லை. நிச்சயமாகத் தெரியாத ஒன்றை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அது எனக்கே நிச்சயமாகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மேடம் சொன்ன நூறு காரணத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். மற்ற தொண்ணூற்றொன்பதும் எனக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை.

அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதச் சொல்லவா அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?" என்றார்.

"ஆமா அத்த."

"காப்பி குடிக்கிறீகளா?"

"வேண்டாம் அத்த."

"எங்க வீட்டுக் குண்டாவெல்லாம் நல்ல ஈயந்தேன். குடிச்சுட்டுப் போங்க." அது பேச்சா, குத்தா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. குடித்தேன்.

கொட்டகையில் மேடம் புதுக் கோழிகள் வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒவ்வொரு கோழிக்கும் காலில் வளையம் மாட்ட வைத்தார். "நீ கழுவுறதுல கெட்டிக்காரன், பிடிக்கிறதுல மோசம்" என்றார். அவர் பேசி நான் கேட்ட ஒரே வேடிக்கை அது. நான் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மண் சட்டிதான் என்று ஆகிவிட்டது. தங்கச்சிக்கு மாசம் நிறைந்து, எங்கள் வீட்டிலேயே பெண் பிள்ளை பிறந்தது. உள்ளே விட்டதும் நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் கால் விரலைத்தான் பார்த்தேன். நேராக இருந்தன. கோழிக்கால் கோணலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். படித்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.

மூன்றாம் நாள் மாமியார் வந்தார். பின்னால் வந்த ஆளின் தலையில் சாக்கு மூட்டை. பேத்தியைத் தூக்கி முத்தம் கொடுத்து, தங்கச்சி நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். முழுச் செம்பும். தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு மாமியார் மூட்டையை என் பக்கம் தள்ளினார். உள்ளே குண்டா, அண்டா, சட்டி எல்லாம் முட்டிக்கொண்டு கிடந்தன.

"ஈயம் பூசணும். நீங்களே பூசிக் குடுங்க."

"நானா அத்த?"

"பின்ன யாரு? வேற எவனும் இதுக்குப் பயப்பட மாட்டான்."

பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். துருத்தியை நானே மிதித்தேன். ஒவ்வொரு பாத்திரமும் வெள்ளையாகும் வரை தலையைக் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, உள்ள ஏதாவது விழுந்து கெடக்கா?" என்று பாய் கேட்டார். பாத்திரம் பளபளத்து அதில் என் முகம் தெரிந்தது. போன தடவையும் இப்படித்தான் பளபளத்தது என்று நினைத்துக்கொண்டேன்.